சூடானால் பிடிக்காத கிளட்ச்

காலையில் கிளம்பும்போது கேபினுக்குள் ஜில்லென்று காற்று வரும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் குறையே சொல்ல முடியாது. பிறகு திடீரென்று காற்று வெதுவெதுப்பாகும். ஐந்து நிமிஷத்தில் வெளிக்காற்றே உள்ளே அடிப்பதுபோல் ஆகிவிடும். வண்டியை ஓரங்கட்டி, முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தால் மறுபடி ஜில். என் லாரியின் ஏசி ஒரு கோடை முழுக்க இப்படித்தான் என்னை அலையவிட்டது. கடைசியில் கோளாறு, ஏசி கேஸை அழுத்திச் சுழலவிடும் கம்ப்ரஸரை இன்ஜின் பெல்ட்டோடு சேர்த்துப் பிரிக்கும் கிளட்சில் என்று கண்டுபிடித்து, நானே கழற்றி மாற்றினேன். அதற்குள் இரண்டு முறை தேவையில்லாமல் கேஸ் ஏற்றியாகிவிட்டது. அந்தக் கேஸே கிளட்சைச் சீக்கிரம் தின்றது என்பதும் பிறகுதான் புரிந்தது. இதே அறிகுறியோடு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். மதிய வெயிலில், காலுக்கடியில் இன்ஜின் சூடு ஏற ஏற, கண் சொருகும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று அந்தக் கோடையில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். லாரியில் ஏசி சொகுசுக்காக இல்லை.

முதலில் ஏசி வேலை பார்க்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். என் முறை வருவதற்குள் வண்டி அரை மணி நேரத்துக்கு மேல் நின்று ஆறிவிட்டது. இன்ஜினைப் போட்டுப் பார்த்தார்கள், காற்று நன்றாகவே வந்தது. "கேஸ் கொஞ்சம் கம்மியா இருக்கும்ணே, டாப்-அப் பண்ணிட்டா சரியாயிடும்" என்றார் அங்கிருந்த பையன். சரி என்றேன். உள்ளே எவ்வளவு இருந்தது, எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் எடை பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து வேறொரு இடத்தில் இதே கதை, இன்னொரு டாப்-அப். அதற்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. முன்பு ஒன்றரை மணி நேரம் தாங்கிய ஏசி இப்போது ஐம்பது நிமிஷத்திலேயே விட்டுப்போனது. கேஸ் குறைவுதான் காரணம் என்றால், கேஸ் ஏற்றிய பிறகு எப்படி மோசமாகும்?

கேஸ் குறைந்தால் அறிகுறியே வேறு மாதிரி இருக்கும். கூலிங் எப்போதும் மந்தமாக இருக்கும். கேஸ் அழுத்தம் குறைந்தால் கம்ப்ரஸரை நிறுத்தும் லோ பிரஷர் சுவிட்ச் அடிக்கடி வெட்டி வெட்டிச் சேர்ப்பதால் கிளட்ச் சில விநாடிகளுக்கு ஒருமுறை டக், டக் என்று பிடித்து விடும். ஒரு மணி நேரம் கச்சிதமாக ஓடி, பிறகு முழுசாகப் படுத்து, ஆறியதும் எழுந்து உட்காராது. சூட்டோடு வந்து சூட்டோடு போகும் கோளாறை மின்சாரப் பக்கம்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. கம்ப்ரஸரின் முகப்பில் மூன்று உருப்படிகள் இருக்கின்றன. பெல்ட் ஓடும் புல்லி ஒரு பேரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் இன்ஜின் ஓடும்வரை அது சுற்றும். அதன் முதுகுக்குள், கம்ப்ரஸர் உடம்போடு பொருத்தி, சுற்றாமல் நிற்கிற செம்புக் கம்பிக் காயில். புல்லிக்கு முன்னால், கம்ப்ரஸர் தண்டின் நுனியில், ஒரு இரும்பு பிளேட். காயிலுக்கு மின்சாரம் போனால் அது காந்தமாகி, சுற்றிக்கொண்டிருக்கும் புல்லியோடு பிளேட்டை இழுத்து ஒட்டவைக்கும். அந்த நொடியிலிருந்து கம்ப்ரஸர் ஓடும். மின்சாரம் நின்றால் பிளேட்டில் உள்ள ஸ்பிரிங் பட்டைகள் அதைப் பிரித்துவிடும். காரில் முதன்முதலாக ஏசி வந்த காலத்தில், 1940 மாடல் பேக்கார்டில், இந்தக் கிளட்சே கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து பெல்ட்டையே கழற்ற வேண்டும். அதை நினைத்தால் இந்த மூன்று உருப்படிகளின் அருமை தெரியும்.

பிடிக்காத நேரத்தில் பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். பெரும்பாலான கம்ப்ரஸர்களில் அது 0.3 முதல் 0.8 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சரியான அளவு அந்தந்தக் கம்ப்ரஸரின் கையேட்டில் இருக்கும். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் இரண்டு முகமும் துளி தேயும், இடைவெளி துளி கூடும். காந்தத்தின் இழுவிசை தூரத்துக்கு மிகவும் பயந்தது. இடைவெளி இரண்டு மடங்கானால் இழுவிசை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். இன்னொரு பக்கம், செம்புக் கம்பி சூடேற ஏற அதன் மின்தடை கூடும். 100 டிகிரி கூடினால் தடை ஏறத்தாழ 39 சதவீதம் கூடும். தடை கூடினால் கரண்ட் குறையும், காந்தம் சோரும். அதாவது தேய்ந்த கிளட்சை, சூடான காயிலால் இழுக்க முடியாது. ஆறிய காயில் அதே கிளட்சைச் சிரமமில்லாமல் இழுத்துவிடும்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனில் புலம்பினேன். வயதில் மூத்தவர், வேலையில் அவசரப்படாதவர்.

"அண்ணே, ஒரு மணி நேரம் ஓடுது, அப்புறம் படுத்துக்குது. ரெண்டு தடவை கேஸ் ஏத்தியாச்சு."

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே விடுதா, இல்ல தெர்மோஸ்டாட் கட் பண்ணி, திரும்ப எடுக்கும்போது எடுக்க மாட்டேங்குதா?"

"அது எப்படிண்ணே எனக்குத் தெரியும்? நான் வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

"தெரிஞ்சுக்கற மாதிரி ஒண்ணு பண்ணு தம்பி. காயிலுக்குப் போற ஒயர்லேர்ந்து ஒரு சின்ன பல்பை எடுத்து டாஷ்போர்டுல வை. பல்பு எரியும்போது ஜில்லுன்னு வரலைன்னா கரண்ட் போகுது, கிளட்ச் எடுக்கலைன்னு அர்த்தம். பல்பே எரியலைன்னா ரிலே, சுவிட்ச், ஒயரிங்னு தேடு."

இதைவிட நல்ல யோசனை எனக்கு யாரும் சொன்னதில்லை. 24 வோல்ட் இண்டிகேட்டர் விளக்கு ஒன்றை வாங்கி, காயிலின் கனெக்டர் பக்கத்தில் ஒரு ஆம்பியர் ஃபியூஸ் வைத்து ஒயரை உள்ளே இழுத்தேன். சுற்றும் பெல்ட்டிலோ சூடான பைப்பிலோ படாமல் கட்டுவதுதான் அதில் இருந்த ஒரே சிரமம். மறுநாள் கிளம்பினேன். விளக்கு எரிவதும், கேபின் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் நன்றாகக் குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் வெட்ட விளக்கு அணைவதும், மறுபடி எரிவதும் கண்ணுக்கு முன்னாலேயே நடந்தது. ஐம்பத்தைந்தாவது நிமிஷம் வாக்கில் விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் எரிந்தது. காற்று குளிரவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, கேபின் சூடாகிக்கொண்டே இருந்தது. கரண்ட் போகிறது, கிளட்ச் எடுக்கவில்லை.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதும் அப்போது புரிந்தது. ஒருமுறை பிடித்துவிட்டால் நடுவில் இடைவெளியே இல்லை. அந்த நிலையில் சோர்ந்த காந்தம்கூடப் பிளேட்டை ஒட்டியபடியே வைத்திருக்கும். கஷ்டமெல்லாம் தூரத்திலிருந்து இழுப்பதில்தான். தெர்மோஸ்டாட் ஒரு தடவை வெட்டிவிட்டால், சூடான காயிலால் மறுபடி இழுக்க முடியாது. எப்போது படுக்கும் என்று கணிக்க முடியாமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

விளக்கு எரிந்து ஏசி படுத்திருந்த அதே நேரத்தில், இடம் பார்த்து வண்டியை நிறுத்தினேன். பட்டறைகளில் செய்யத் தவறியது இதைத்தான்: கோளாறு இருக்கும்போதே பார்ப்பது. ஆறவிட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டு, கேபினைச் சாய்த்து லாக் விழுந்ததா என்று ஆட்டிப் பார்த்துவிட்டு, காயில் கனெக்டரைக் கழற்றினேன். 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஒயரை பேட்டரியிலிருந்து நேரே காயிலுக்குக் கொடுத்தேன். சத்தமே இல்லை. பிளேட் அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் வெளிச்சம் புகுந்து போனது. கரண்டை விடாமல், சுத்தியலின் மரக்கைப்பிடியால் பிளேட்டின் ஓரத்தை மெதுவாக ஒரு அழுத்து அழுத்தினேன். டக். ஒட்டிக்கொண்டது. கைப்பிடியை எடுத்தும் விடவில்லை. ஒயரை எடுத்தேன், விட்டது. மறுபடி கொடுத்தேன், பிடிக்கவில்லை. அழுத்தினேன், டக். மூன்று தடவை செய்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இந்தச் சோதனையை இன்ஜின் நின்றிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். இன்ஜின் ஓடும்போதே குச்சியால் குத்திப் பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளேட் பிடித்த அந்த நொடியிலேயே அது பெல்ட் வேகத்தில் சுற்றத் தொடங்கிவிடும். குச்சி எங்கே போகும், கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று: சில காயில்களில் குறுக்கே ஒரு டையோடு இருக்கும். கரண்ட் நிற்கும்போது காயில் திருப்பி அடிக்கும் மின் அதிர்விலிருந்து, காயிலுக்குக் கரண்டைச் சேர்த்து வெட்டும் ரிலேயைக் காக்க வைத்தது. அப்படிப்பட்டதில் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் டையோடு போய்விடும். கனெக்டரில் எது பிளஸ் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கேயே மீட்டர் வைத்தேன். சூடான காயில் 17.5 ஓம் காட்டியது. மறுநாள் காலை ஆறிய பிறகு அதே காயில் 13 ஓம். கணக்குப் போட்டால் காயில் 120 டிகிரி பக்கம் கொதித்திருக்கிறது. 24 வோல்ட் வண்டிகளின் காயில்கள் ஆறிய நிலையில் பெரும்பாலும் 12 முதல் 20 ஓமுக்குள் இருக்கும், 12 வோல்ட் வண்டிகளில் 3 முதல் 5 ஓம். அளவு முடிவில்லாமல் காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. மிகவும் குறைந்தால் உள்ளே ஷார்ட். என்னுடையது இரண்டும் இல்லை. ஆறிய நிலையில் அளந்தவர் யாராக இருந்தாலும் "காயில் நல்லா இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார்.

இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜைப் பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் நுழைத்தேன். 0.8 வழுக்கிக்கொண்டு போனது. 1.0 போனது. 1.1 லேசாக உரசிக்கொண்டு போனது. என் கம்ப்ரஸருக்கு 0.4 முதல் 0.7 வரைதான் அனுமதி.

அத்தோடு நிறுத்தாமல் மின்சாரம் எவ்வளவு வந்து சேர்கிறது என்றும் பார்த்தேன், அதுவும் நல்லதாயிற்று. இன்ஜின் ஓட, ஏசி போட்ட நிலையில் பேட்டரியில் 27.6 வோல்ட். காயிலின் இரண்டு முனைகளுக்கு நடுவில் 24.8 மட்டும். நடுவழியில் கிட்டத்தட்ட 3 வோல்ட் காணாமல் போகிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறு முனையைக் காயிலின் எர்த் ஒயரிலும் வைத்தேன். நல்ல எர்த் என்றால் அங்கே ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். 1.8 காட்டியது. சேசிஸில் எர்த் ஒயர் பிடித்திருந்த போல்ட்டுக்கு அடியில் துருவும் பெயிண்டும். மிச்சம் ஒரு வோல்ட் ரிலேயில் போனது. அதைத் திறந்து பார்த்தபோது கான்டாக்ட் கரிந்திருந்தது. இந்த அளவையெல்லாம் கனெக்டரை மாட்டிய நிலையில், கரண்ட் ஓடும்போதுதான் எடுக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி வைத்து அளந்தால் துருப்பிடித்த எர்த்திலும் முழு வோல்டேஜ் காட்டி ஏமாற்றும்.

எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ரிலேயை மாற்றியதும் காயிலுக்கு 27.2 வந்தது. ஏசி இப்போது இரண்டரை மணி நேரம் தாங்கியது. ஆனால் படுக்கத்தான் செய்தது. அடுத்தது ஷிம். பிளேட்டின் நடு போல்ட்டைக் கழற்றி பிளேட்டை வெளியே எடுத்தால், தண்டின் மேல் மெல்லிய வளையங்கள் இருக்கும். இடைவெளியைக் கூட்டிக் குறைப்பது அவைதான். மூன்று வளையங்களில் 0.5 மி.மீ. கனமுள்ள ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினேன். இடைவெளி 0.6க்கு வந்தது. மறுநாள் நாள் முழுக்க ஏசி ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. உங்கள் வண்டியில் பிளேட்டும் புல்லி முகமும் நன்றாக இருந்து, பேரிங் சத்தம் இல்லாமல், இடைவெளி மட்டும் கூடியிருந்தால் இதோடு முடித்துக்கொள்ளலாம். புது கிளட்ச் தேவையே இல்லை. பணம் செலவழிப்பதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

என் விஷயத்தில் அது ஐந்து வாரம்தான் ஓடியது. காரணம் பிளேட்டைக் கழற்றியபோதே கண்ணில் பட்டிருந்தது. முகம் முழுக்க நீலம் பாய்ந்திருந்தது, ஓரங்களில் செந்தூள். நீண்ட நாள் வழுக்கி வழுக்கிச் சூடான அடையாளம் அது. அப்புறம் பேரிங் முனக ஆரம்பித்தது. ஏசி அணைத்திருக்கும்போதும் இன்ஜின் வேகத்தோடு கூடவே ஏறி இறங்கும் கரகரப்பு. புல்லி பேரிங் எப்போதும் சுற்றுவது என்பதால் சத்தமும் எப்போதும் வரும். ஏசி போட்டால் மட்டும் சத்தம் வந்தால் கம்ப்ரஸரின் உள்பக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்படி இருந்தால் கிளட்சை மட்டும் மாற்றுவது வீண்.

அதனால் புது கிளட்ச் வாங்குவதற்கு முன் கம்ப்ரஸர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தேன். கிளட்ச் பிடிக்காத நிலையில் முன் பிளேட்டைக் கையால் சுற்றினால் தண்டு சுற்றும். சீரான ஒரு எதிர்ப்போடு, கட்டியாகவோ திக்கித் திக்கியோ இல்லாமல் சுற்ற வேண்டும். அசையவே இல்லை என்றால் கம்ப்ரஸர் இறுகிவிட்டது. தண்டின் சீல் வழியாக எண்ணெய் கசிந்து பிளேட்டின் பின்பக்கம் பிசுபிசுப்பாக இருந்தாலும் கிளட்ச் மாற்றிப் பயனில்லை, புதுசும் நனைந்து வழுக்கும். என்னுடையது இரண்டிலும் தேறியது. பிளேட், புல்லி பேரிங்கோடு, காயில் மூன்றும் சேர்ந்த செட்டாகவே வாங்கினேன். வாங்கும்போது கம்ப்ரஸரின் மாடல் எண், வோல்டேஜ், புல்லியின் விட்டம், பெல்ட்டுக்கான வரிகளின் எண்ணிக்கை நான்கையும் ஒத்துப்பாருங்கள். 12 வோல்ட் காயிலை 24 வோல்ட் வண்டியில் மாட்டினால் கொஞ்ச நேரத்தில் புகைந்துவிடும்.

இந்த வேலைக்குக் கேஸை வெளியே எடுக்கத் தேவையில்லை. கம்ப்ரஸரின் பைப்புகளைத் தொடாமலேயே முன்பக்கத்தில் முடித்துவிடலாம், கை நுழைய இடம் இருந்தால். என் வண்டியில் இடம் போதவில்லை. கம்ப்ரஸரின் நான்கு போல்ட்டைக் கழற்றி, ஹோஸ் பைப்புகள் இழுபடாத அளவுக்கு ஒரு சாண் முன்னால் நகர்த்தி, கயிறு போட்டுத் தாங்கவைத்தேன். ஹோஸில் தொங்கவிடக் கூடாது. ஹோஸைக் கழற்றி கேஸைக் காற்றில் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் 100 ஆண்டுக் கணக்கில், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 1400 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. பல நாடுகளில் அப்படித் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். தோலில் பட்டால் பனிக்கடியும் வரும்.

பேட்டரியைத் துண்டித்து, பெல்ட் போகும் வழியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டை எடுத்தேன். பிளேட் சுற்றாமல் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டைக் கழற்ற வேண்டும். அதன் பிறகு பிளேட் தானாக வராது, தண்டின் பற்களில் இறுகியிருக்கும். அதன் நடுவிலேயே மரை இருக்கிறது, அதில் திருகும் புல்லர் தனியாகக் கிடைக்கும். ஸ்க்ரூ டிரைவரைப் பின்னால் விட்டு நெம்பினால் பிளேட் வளையும். தண்டின் நுனியில் சுத்தியலால் தட்டினால் அடி கம்ப்ரஸரின் வயிற்றுக்குள் போகும். பிளேட் வந்ததும் ஷிம்களை எண்ணி ஒரு டப்பாவில் போட்டேன். புல்லியைப் பிடித்திருக்கும் சர்க்லிப் என்ற ஸ்பிரிங் வளையத்தைப் பிளையரால் விரித்து எடுத்தேன். அது துள்ளிப் பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். புல்லி என்னுடையதில் கையால் ஆட்ட ஆட்ட வந்துவிட்டது, சிலவற்றில் புல்லர் வேண்டும். கடைசியாகக் காயில், அதற்கும் ஒரு சர்க்லிப். பழைய காயிலைத் திருப்பிப் பார்த்தேன். கம்பியை மூடியிருந்த பிசின் ஓரிடத்தில் கருகி, விரல் நகம் நுழையும் அளவு வெடித்திருந்தது. ஷிம்மை எடுத்ததோடு விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாளில் இதுவே அறுந்திருக்கும்.

மாட்டும்போது ஒரு தவறு செய்தேன். காயிலை வைத்து, சர்க்லிப் போட்டு, புல்லியைத் தள்ளிப் பொருத்தி, சுற்றிப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'க்ரிச்' என்று உரசல். பேரிங் புதுசு என்பதால் முதலில் புல்லியைச் சந்தேகப்பட்டேன். மறுபடி எல்லாவற்றையும் கழற்றியபோது புரிந்தது. காயிலின் முதுகில் ஒரு சின்ன முளை இருக்கிறது. அது கம்ப்ரஸர் முகத்தில் உள்ள குழியில் உட்கார வேண்டும். பழைய துருத்தூள் அந்தக் குழியில் அடைந்திருந்ததால் காயில் ஒரு பக்கம் அரை மி.மீ. தூக்கி நின்றிருக்கிறது. குழியை ஊசியால் சுரண்டி எடுத்து, காயிலைத் தட்டையாக உட்காரவைத்து, சர்க்லிப்பின் சரிந்த விளிம்பு வெளிப்பக்கம் வரும்படி போட்டதும் புல்லி சத்தமில்லாமல் சுற்றியது. காயில் ஒயர் வெளிவரும் திசையும் பழைய மாதிரியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் அறுத்துவிடும்.

புது புல்லியின் முகத்திலும் பிளேட்டிலும் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி அனுப்புகிறார்கள். பிரேக் கிளீனர் தெளித்து, சுத்தமான துணியால் துடைத்தேன். பிறகு கைவிரல் படாமல் பார்த்துக்கொண்டேன். பழைய ஷிம்களையே போட்டு பிளேட்டை மாட்டி, நடு போல்ட்டை டார்க் ரெஞ்சில் 18 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். அது என் கம்ப்ரஸரின் அளவு, உங்களுடையதைக் கையேட்டில் பாருங்கள். இடைவெளியை ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடக் கூடாது. வட்டத்தைச் சுற்றி மூன்று இடத்தில் அளந்தேன்: 0.80, 0.85, 0.80. ஒரு ஷிம்மை மாற்றி 0.3 குறைத்தேன்: 0.50, 0.55, 0.50. கையால் சுற்றினால் எங்கும் உரசவில்லை. இடைவெளி மிகவும் குறைந்தாலும் ஆபத்துதான், ஏசி அணைத்த பிறகும் பிளேட் உரசிக்கொண்டே சூடாகும்.

பெல்ட்டை மாட்டி, இன்ஜினை 1500 சுற்றில் வைத்து, ஏசியை ஐந்து விநாடி போட்டு ஐந்து விநாடி அணைத்து, இருபது தடவை செய்தேன். புது முகங்கள் ஒன்றோடொன்று படிவதற்கு இது. செய்யாமல் நேரே சுமையில் ஓட்டினால் ஆரம்பத்திலேயே வழுக்கும்.

கிளட்ச் தேய்ந்ததற்குக் காரணத்தைத் தேடாமல் இருந்திருந்தால் புதுசும் அதே வழியில் போயிருக்கும். கேஜ் மாட்டிப் பார்த்தபோது ஹை சைடில், அதாவது கம்ப்ரஸர் கேஸை அழுத்தி வெளியே தள்ளும் பக்கத்தில், 300 பி.எஸ்.ஐ. தாண்டியது. அந்த வெயிலுக்கு 200 முதல் 250க்குள் இருந்திருக்க வேண்டும். அவ்வளவு அழுத்தத்துக்கு எதிராகக் கம்ப்ரஸரைச் சுற்ற கிளட்சுக்குக் கூடுதல் பலம் வேண்டும், காந்தம் சோர்ந்திருக்கும் நேரத்தில் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் காந்தம் இன்னும் சோரும். கேஸை மெஷினில் உறிஞ்சி எடை போடும் பட்டறை ஒன்றுக்குப் போனேன். வண்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 850 கிராம். உள்ளே இருந்தது 1,140 கிராம். இரண்டு டாப்-அப்பின் கணக்கு அதுதான். வேக்குவம் போட்டு, 850 கிராமை எடைபோட்டு ஏற்றினார்கள். கேஸ் குறைவா இல்லையா என்று நின்றிருக்கும் வண்டியின் பிரஷரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதையும் அங்கேதான் கற்றேன். 30 டிகிரியில் ஆர்-134ஏ ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே கொஞ்சமாவது திரவம் மிச்சமிருந்தால் 300 கிராம் இருந்தாலும் அதே அளவு, 900 கிராம் இருந்தாலும் அதே அளவு. சரியாகத் தெரிய எடைதான் ஒரே வழி.

கேஸின் சூட்டை வெளிக்காற்றில் விடும் கன்டென்சரையும் பார்த்தேன். முன்பக்கம் சுத்தமாக இருந்தது. ரேடியேட்டருக்கும் அதற்கும் நடுவில் டார்ச் அடித்தால் பஞ்சு, பூச்சி, மண் எல்லாம் சேர்ந்து கம்பளி போர்த்தியதுபோல் ஒரு படலம். அதிக அழுத்தமில்லாத தண்ணீரை உள்ளிருந்து வெளியே பாய்ச்சிக் கழுவினேன். வெளியிலிருந்து பாய்ச்சினால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும், பிரஷர் வாஷர் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கழுவி முடிந்து ஓட்டியபோது அதே வெயிலில் ஹை சைடு 230இல் நின்றது. டாஷ்போர்டு வாயில் வைத்த தெர்மாமீட்டர் 8 டிகிரி காட்டியது.

அந்த இண்டிகேட்டர் விளக்கை இன்னும் கழற்றவில்லை. நீண்ட ஓட்டத்தில் அது அணைவதையும், கொஞ்ச நேரத்தில் எரிவதையும், எரிந்த மறுகணமே இன்ஜின் குரல் துளி தாழ்வதையும் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். மாற்றி எட்டு மாதத்துக்குப் பிறகு போன வாரம் ஃபீலர் கேஜை மறுபடி நுழைத்துப் பார்த்தேன். 0.55 உரசிக்கொண்டு போனது. 0.60 போகவில்லை.